முட்டு அறுவைக்கு நாள் குறித்த கதை

என் தம்பி மஸ்கட்டிலிருந்து 45 நாள் விடுப்பில் 2023 டிசம்பர் 10 அன்று ஊருக்கு வந்தான். 28 ஆம் தேதி மாலை, குமரி மாவட்டத்தில் கருங்கலுக்கு அருகே எங்கள் பங்கு மைதானத்தில் நடந்த கிறிஸ்துமஸ் கால செவன்ஸ் (எழுவர் கால்பந்து) ஆட்டத்தில், பந்தோடு சட்டென்று வலப்பக்கம் திரும்பியவன் இடது முழங்கால் முட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எவரும் அவன்மேல் மோதவில்லை. அருகில் இருந்த ஆள்கூட இரண்டு கை தூரத்தில்தான் நின்றான். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே ‘டப்’பென்று ஏதோ அறுந்த சத்தம் தனக்குக் கேட்டது என்று அவன் சொன்னான். அந்தச் சத்தத்தை நான் அறிவேன். 2015 இல் என் வலது முட்டுக்குள் அதை நானும் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முட்டுச்சிரட்டை இருக்கும் இடமே தெரியாதபடி வீங்கிவிட்டது. அடிபட்ட இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் முட்டு இப்படிப் பருத்தால் உள்ளே தேங்கியிருப்பது பெரும்பாலும் இரத்தம். மறுநாள் காலையில் மெல்ல வரும் நீர்க்கட்டுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அம்மா எண்ணெய் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தார். சித்தப்பா யாருக்கோ போன் செய்தார். தம்பியோ வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், “எனக்க லீவு இருபத்தாறு நாளுதான் கெடக்கு அண்ணே, அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணித் தீத்துரலாமா?” என்று கேட்டான்.

இதை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். எங்கள் மாவட்டத்தில் முட்டு அறுவைக்கு நாள் குறிப்பது பெரும்பாலும் முட்டு அல்ல. வளைகுடாவிலிருந்து வந்தவருக்கு விசாவும் விமானச் சீட்டும் நாள் குறிக்கின்றன. தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளிக்கு மீன்பிடித் தடைக்காலம் குறிக்கிறது. பால்வெட்டுக்குப் போகிறவருக்கு ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்கள் குறிக்கின்றன. மற்றவர்களுக்குத் தங்கையின் கல்யாணமோ பிள்ளையின் பரீட்சையோ குறிக்கிறது. நான் நான்கு ஆண்டுகள் தாமதித்து ஒரு முட்டைக் கெடுத்துக்கொண்டவன். தம்பி ஐந்தே நாளில் அறுவை மேசையில் ஏறவிருந்தவன். நான் மருத்துவன் அல்லேன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இரண்டு கால்களையும் அருகிலிருந்து பார்த்த அனுபவத்தையும், அந்த நாட்களில் தூக்கம் வராமல் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மணிக்கணக்குப் பார்க்க வேண்டிய காயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இருசக்கர வாகன விபத்தில் தொடை எலும்பும் முட்டுக்குக் கீழுள்ள நெடிய எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று முழுவதும் விலகிப் போவதுண்டு. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் (லிகமென்ட்) இரண்டு மூன்று ஒருசேர அறுந்தால்தான் அப்படி விலக முடியும். முட்டின் பின்குழியில் எலும்போடு ஒட்டி ஓடும் பெரிய இரத்தக்குழாய் அப்போது நசுங்கவோ கிழியவோ கூடும். முட்டுக்குக் கீழே இரத்தம் நின்றுவிட்டால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அதை மீண்டும் ஓடவிட வேண்டும். எட்டு மணி நேரத்தைக் கடந்தால் காலையே இழக்க நேரும் வாய்ப்பு மிகவும் கூடிவிடுகிறது. விலகிய முட்டு, ஆளைத் தூக்கும்போதே சில நேரம் தானாக இடத்தில் அமர்ந்துவிடும். பார்ப்பவருக்கு அது சாதாரண வீக்கமாகத் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. என்னோடு பணிபுரியும் ஓர் ஆசிரியரின் மைத்துனருக்கு இப்படித்தான் நடந்தது. முதலில் பார்த்த இளம் மருத்துவர் பாதம் சில்லிட்டிருப்பதைக் கவனித்து, கணுக்காலில் நாடியைத் தேடிக் கிடைக்காமல், எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திராமல் அன்றிரவே திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அவருடைய கால் இன்று இருக்கிறது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்கென்று 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இத்தகைய இரவுகளில் பணத்தைப் பற்றிய தயக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. பாதம் குளிர்ந்திருந்தாலோ, வெளுத்திருந்தாலோ, பெருவிரலை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போனாலோ, நார் அறுந்ததா இல்லையா என்ற விசாரணையையெல்லாம் ஒதுக்கிவிட்டு வண்டியை எடுக்க வேண்டும்.

அடுத்தபடியாக, வாரக்கணக்குப் பார்க்க வேண்டிய சில உண்டு. வண்டியிலிருந்து மடங்கிய முட்டோடு தரையில் விழும்போது பின்புறக் குறுக்கு நார், தான் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும் இந்தத் துண்டைத் திருகாணி கொண்டு பழைய இடத்தில் பொருத்துவதை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்தால் எலும்போடு எலும்பு சேர்ந்துவிடும். முட்டின் வெளிப்பக்கப் பின்மூலையில் உள்ள நார்க்கூட்டம் அறுந்தாலும் ஏறத்தாழ அதே கணக்குத்தான்; பிறகு எல்லாம் தழும்பாகிப் போய், எது எதனோடு ஒட்டியிருந்தது என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும். இவற்றுக்கு நேர்மாறானது உட்பக்க நார். அது மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். கீல் வைத்த பட்டையை ஆறு வாரம் அணிந்தால் தானாகவே ஆறிவிடுகிறது. ஆகவே ‘லிகமென்ட் போய்விட்டது’ என்று மட்டும் சொல்லி ஒருவர் நாள் கேட்டால், எந்த லிகமென்ட் என்று கேட்காமல் எவராலும் பதில் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்ற ஒரே சொல் நாருக்கும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்புக்கும் சேர்த்தே வழங்குகிறது. இதனால் விளைந்த குழப்பங்களை எழுதினால் தனிப் பதிவாகிவிடும்.

தம்பிக்குப் போனது முன்புறக் குறுக்கு நார், ஏசிஎல் என்று எல்லோரும் சொல்வது. 30 ஆம் தேதி நாகர்கோவிலில் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் முட்டைச் சற்றே மடக்கி, தொடையை ஒரு கையாலும் காலை மறு கையாலும் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்தார். நல்ல முட்டில் அந்த இழுப்பு ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்கும், தம்பியின் முட்டில் அது நிற்காமல் வழுகியது. பிறகு காலை நீட்டச் சொன்னார். முழுவதும் நீள இன்னும் 15 பாகை இருக்கும்போதே நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு பெயரவில்லை. எம்ஆர்ஐ எடுத்தார்கள், முட்டைப் பூட்டிவைக்கும்படி மெனிஸ்கஸ் புரண்டு கிடக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது வேண்டியிருந்தது. அப்படிப் புரண்டிருந்தால் கதை வேறு, விரைவில் உள்ளே போய் அதை இடத்தில் அமர்த்தித் தைக்க வேண்டும் என்றார். புரளவில்லை. நீளாததற்குக் காரணம் வீக்கமும் வலியும் மட்டுமே.

“முட்டு நேராகட்டும், வீக்கம் வற்றட்டும், நொண்டாமல் நடக்கட்டும். அதன் பிறகு வாருங்கள், பேசலாம்” என்றார் மருத்துவர். எப்போது என்று தம்பி கேட்டான். நான்கு வாரமோ ஆறு வாரமோ, முட்டு சொல்லும் என்றார்.

வீட்டில் எவருக்கும் இது பிடிக்கவில்லை. பணம் கட்டத் தயாராக இருக்கும்போது மருத்துவர் தள்ளிப்போடுகிறார் என்றால் அவருக்குத் தைரியம் இல்லை என்று சித்தப்பா தீர்ப்பளித்தார். அன்று மாலையே வேறொரு மருத்துவமனையிலிருந்து, எம்ஆர்ஐ படத்தை வாட்ஸப்பில் பார்த்துவிட்டே, ஜனவரி 2 செவ்வாய்க்கிழமை செய்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம், விடுப்பு முடிவதற்குள் வாக்கரை விட்டுவிடலாம் என்று பதில் வந்தது. காலைத் தொட்டுப் பார்க்காமலே வந்த பதில் அது. வீட்டில் எல்லோர் முகத்திலும் தெரிந்த நிம்மதியை நான் இன்றும் மறக்கவில்லை. அதைக் கலைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நான் தொடங்கியது அம்மாவின் வாதத்திலிருந்து. அரிவாள் வெட்டு விழுந்தால் உடனே தைக்கிறோமே, இதை மட்டும் ஏன் ஆறப்போட வேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஏசிஎல் அறுவையில், எலும்போடு பெயர்ந்து வந்தது போன்ற சில நிலைகளைத் தவிர, அறுந்த நாரைத் தைப்பதில்லை. மூட்டுக்குள் ஊறும் திரவத்தின் நடுவே இழை இழையாகப் பிரிந்து கிடக்கும் முனைகளைத் தைத்தால் அவை நம்பும்படி ஒட்டுவதில்லை என்பதைப் பல்லாண்டு அனுபவத்தில் அறிந்துகொண்டார்கள். 1895 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்பவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குறுக்கு நார்களைத் தைத்ததுதான் இத்துறையின் பழைய கதைகளுள் முக்கியமானது. இன்று செய்வது அதுவன்று. தொடையின் பின்புறத் தசைநாரிலிருந்தோ முட்டுச்சிரட்டைக்குக் கீழுள்ள நாரிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிய நாராக நடுகிறார்கள். நடவுதானே தவிர தையல் இல்லை. பழைய முனைகள் காய்ந்துபோகும் என்ற அவசரத்துக்கு அங்கே இடமில்லை. நடப்போகும் வயல் தயாராக இருக்கிறதா என்பதே கேள்வி. வயல் என்றதும் அம்மாவுக்குப் புரிந்தது. வெள்ளம் வடியாத வயலில் நாற்று நடுவார்களா என்று அவரே சித்தப்பாவிடம் கேட்டார்.

அந்த வெள்ளத்தைப் பற்றி மருத்துவ உலகம் 1991 முதல் தெளிவாகப் பேசிவருகிறது. அமெரிக்காவின் ஷெல்போர்ன் குழுவினர் 169 நோயாளிகளைக் காயத்துக்கும் அறுவைக்கும் இடைப்பட்ட நாட்களைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது, முதல் வாரத்திலேயே அறுவை செய்துகொண்டவர்களிடம் மூட்டுக்குள் தழும்பு கட்டி முட்டு இறுகிப்போவது, மூன்று வாரமாவது பொறுத்தவர்களைவிட அதிகமாக இருந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. அடிபட்ட முட்டின் உட்தோல் ஏற்கெனவே சிவந்து வீங்கி, இரத்தத்தில் ஊறி, தழும்பு உண்டாக்கும் வேலையில் முழுமூச்சாக இறங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அறுவை என்னும் இரண்டாவது காயத்தை அதன்மேல் ஏற்றினால், ஆற்றும் வேலை அளவுமீறிப்போய் மூட்டையே ஒட்டவைத்துவிடுகிறது. நார் உறுதியாக அமைந்திருக்கும், ஆனால் கால் நீளாது. ஐந்து பாகை குறைந்தால்கூட நடையில் நொண்டல் தெரியும். தொடையின் முன்தசை மெலிந்துகொண்டே போகும். அதை விடுவிக்க மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் உள்ளே போய்த் தழும்பை வெட்டுதல். அறுவை நுட்பமும் அதற்குப் பிந்தைய உடற்பயிற்சி முறையும் அதன்பின் பெரிதும் மாறியிருப்பதால், முட்டு அமைதியாக இருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே செய்யலாம் என்று கருதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் பார்ப்பது முட்டின் நிலையைத்தான். ஆகையால் நான் ‘மூன்று வாரம்’ என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை. 15 பாகை மடங்கி நிற்கும் காலோடு உள்ளே போகாதே என்பதை மட்டுமே தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்படியென்றால் எவ்வளவு பொறுத்தாலும் நல்லதுதானே என்று கேட்பவருக்கு என் வலது கால்தான் பதில்.

2015 இல் எனக்கு 27 வயது. நாட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசானிடம் போனேன். எங்கள் மாவட்டத்தின் வர்ம ஆசான்களை இழிவாகப் பேசும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்ல நான். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் உள்ள குடும்பங்கள் இங்கே உண்டு, என் தந்தையின் மணிக்கட்டைச் சரிசெய்ததும் ஓர் ஆசானே. எனக்கு 21 நாள் கட்டு. கட்டைப் பிரித்தபோது வீக்கம் இல்லை, வலி இல்லை, நடந்தேன். சிக்கல் அங்கேதான் இருந்தது. ஏசிஎல் அறுந்த முட்டில் வீக்கம், கட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும், சில வாரங்களில் வற்றிவிடும். நேர்கோட்டில் நடப்பதற்கு அந்த நார் அவ்வளவாகத் தேவையும் இல்லை. திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும்தான் அது வேலை செய்கிறது. எனவே குணமாகிவிட்டது என்று ஆசானும் நம்பினார், நானும் நம்பினேன்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஏழெட்டு முறை முட்டு வழுகி மாறிப்போகும். ரப்பர் விளையில் தட்டுத் தட்டாக இறங்கும்போது, பேருந்துப் படியிலிருந்து கடைசி அடி வைக்கும்போது, ஒருமுறை வகுப்பில் கரும்பலகையிலிருந்து மாணவர்களை நோக்கித் திரும்பும்போது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வீக்கம், ஒரு வாரம் பயம், பிறகு மறதி. ஒவ்வொரு வழுக்கலிலும் தொடை எலும்பு முன்னும் பின்னும் நழுவி, நடுவிலுள்ள மெத்தையை அரைத்துக்கொண்டிருந்தது என்பதை 2019 இல்தான் அறிந்தேன். உறவினர் வீட்டில் தாழ்ந்த பலகையிலிருந்து எழுந்தவன் காலை நீட்ட முடியாமல் அப்படியே பாதி மடக்கத்தில் நின்றுவிட்டேன். உட்பக்க மெனிஸ்கஸ் வாளிக் கைப்பிடி போலக் கிழிந்து எலும்புகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. தைத்துவிட முயல்வதாகச் சொல்லித்தான் உள்ளே போனார்கள். விளிம்பு நைந்துபோயிருந்ததால் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. புதிய ஏசிஎல் கிடைத்தது. மெத்தை கிடைக்கவில்லை, அது திரும்ப வளர்வதில்லை. அறுந்த ஏசிஎல்லோடு ஆறு மாதம், ஓராண்டு என்று நாட்கள் செல்லச் செல்ல, குறிப்பாக முட்டு மீண்டும் மீண்டும் வழுகும் ஆட்களிடம், மெனிஸ்கஸ் கிழிசலும் குருத்தெலும்புத் தேய்வும் கூடுகின்றன என்று பல நாட்டு மருத்துவர்களின் பதிவுகள் ஒத்த குரலில் சொல்கின்றன. இப்போது 36 வயதில் என் எக்ஸ்ரேயில் உட்பக்க இடைவெளி சுருங்கியிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்கு மூன்று ஆய்வுகள் எனக்கு உதவின. சுவீடனில் 18 முதல் 35 வயது வரையுள்ள 121 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கி, 62 பேருக்குப் பத்து வாரத்துக்குள் அறுவையும் பயிற்சியும், 59 பேருக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னர் அறுவை என்று வைத்தார்கள். 2010 இல் வெளியான இரண்டாண்டு முடிவில் முட்டின் நிலையைக் காட்டும் மதிப்பெண்களில் இரு பிரிவினருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவின் 59 பேரில் அதுவரை 23 பேர் அறுவைக்கு வந்திருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் அது 30 ஆயிற்று. நெதர்லாந்தில் 167 பேரைக் கொண்டு நடந்து 2021 இல் வெளிவந்த ஆய்வில் சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் பெற்றார்கள். ஆனால் பயிற்சியோடு தொடங்கியவர்களில் சரிபாதிப் பேர் அறுவையே இல்லாமல் இரண்டாண்டைக் கடந்தார்கள். 2022 இல் பிரிட்டனிலிருந்து வந்த 316 பேரின் ஆய்வோ அறுவையின் பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. முதலில் இவை ஒன்றையொன்று மறுப்பதாக நினைத்தேன். பிறகுதான் ஆட்களைக் கவனித்தேன். முன்னிரண்டும் புதிதாக அடிபட்டவர்களைப் பற்றியவை. மூன்றாவது, காயம் பழையதாகியும் முட்டு வழுகிக்கொண்டே இருந்தவர்களைப் பற்றியது. முன்னது தம்பி, பின்னது நான்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் ‘பொறுத்தார்கள்’ என்றால் வாரந்தோறும் பயிற்சியாளர் முன்னிலையில் வியர்வை சிந்தினார்கள் என்று பொருள். நான் 2015 இல் பொறுத்ததுபோல் கட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கவில்லை.

தம்பி ஜனவரி 2 ஐ ரத்துசெய்ய ஒப்புக்கொண்டது புள்ளிவிவரங்களால் அல்ல. அறுவை முடிந்து மூன்றே வாரத்தில் விமானத்தில் கால் மடக்கி உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறைந்துபோகும் ஆபத்து உண்டு என்றும், அதற்குப் பிறகு மஸ்கட்டில் கட்டடச் சாரத்தில் ஏறும் வேலைக்கு நடுவே பயிற்சி தர யாரும் இல்லை என்றும் பிசியோதெரபிஸ்ட் பெண் அவனிடம் நேரடியாகச் சொன்னார். விடுப்பைச் சம்பளமில்லாமல் நீட்டிக்கக் கம்பெனிக்கு எழுதினான். இரண்டு வாரம் பதிலில்லை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

பயிற்சி பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருந்தது. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து முட்டைத் தன் எடையாலேயே நேராகத் தொங்கவிடுதல், தொடையின் முன்தசையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்தல், கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுதல், குதிகாலைப் பிட்டம் நோக்கி இழுத்தல், ஐஸ் வைத்தல். முதல் நாள் தன் தொடைத் தசையை இறுக்கவே அவனால் முடியவில்லை. முட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை மூளை அந்தத் தசைக்கு ஆணை அனுப்புவதையே குறைத்துக்கொள்ளும் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். சாரம் கட்டும் 29 வயது ஆள், கட்டிலிலிருந்து காலை ஒரு சாண் தூக்க முடியாமல் கண்கலங்கியதைப் பார்த்தபோது, இந்தத் தசையோடு அறுவைக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வார இறுதியில் கால் நேரானது. ஐந்தாம் வாரம் நொண்டல் போயிற்று. அப்போது மருத்துவர் இன்னொரு வழியையும் திறந்துவைத்தார்: விளையாட்டையும் சாரத்தையும் விட்டுவிட்டு மேசை வேலை பார்ப்பாயானால் இப்படியே பயிற்சியோடு தொடர்ந்து பார்க்கலாம். தம்பி பந்தையும் விடமாட்டேன், சாரத்தையும் விட முடியாது என்றான். பிப்ரவரி 15 அன்று, காயம் பட்ட ஏழாவது வாரத்தில், அறுவை நடந்தது. மறுநாளே கால் முழுவதும் நீண்டது.

இதற்கிடையில் என் மாணவன் ஒருவனுடைய தந்தை, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கடலுக்குப் போகிறவர், தம் முட்டோடு என்னைத் தேடி வந்தார். அவருக்கும் ஏசிஎல்தான். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் தடைக்காலம், அந்த 61 நாளில் செய்துகொண்டு ஆகஸ்டில் படகேறலாமா என்று கேட்டார். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் நட்ட நார் முதல் நாளில் இருப்பதைவிட ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை பலவீனமாக இருக்கிறது. எடுத்த இடத்திலிருந்து உயிரற்றதாக வந்த அந்தத் துண்டுக்குள் புதிய இரத்தக்குழாய்கள் நுழைந்து, பழைய இழைகள் கரைந்து, புதிய இழைகள் உருவாகும் காலம் அது. வலி போயிருக்கும், வீக்கம் போயிருக்கும், ஆள் தெம்பாக உணர்வார். நாரோ நூலாக இருக்கும். 61 ஆம் நாள் என்பது சரியாக அந்தக் குழியின் நடுவே விழுகிறது. முப்பது, நாற்பது நாள் ஆழ்கடலில், அலையில் ஆடும் ஈரத் தட்டில், வலையிழுக்க அவர் நிற்கப்போவது அந்த நாரை நம்பித்தான். தடைக்காலத்தில் செய்துகொள்ளலாம், ஆனால் அந்த ஆண்டின் மீதிப் பகுதியையும் கடலில்லாமல் ஓட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள் என்று மருத்துவர் அவரிடம் சொன்னாராம். கடன் இருக்கிறது என்று எழுந்து போனார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடைக்கால நிவாரணத் தொகையை நம்பி ஓராண்டு கரையில் இருக்க யாரால் முடியும்? இப்போதைக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்திக்கொண்டு, பட்டை அணிந்து, படகில் சமையலும் ஸ்டியரிங்கும் மட்டும் பார்க்கிறார். முட்டு ஒருமுறை வழுகினாலும் உடனே வந்து சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தம்பி ஜூன் மாதம் மஸ்கட் திரும்பினான். கம்பெனி அவனைச் சாரத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டிருக்கிறது, சம்பளம் குறைவு. சித்தப்பா அதை எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை போன் செய்தான். அங்கே மலையாளிகளும் நம்மவர்களும் சேர்ந்து ஓணத்துக்கு ஒரு செவன்ஸ் நடத்துகிறார்களாம். 2024 இல் திருவோணம் செப்டம்பர் 15; அறுவை முடிந்து சரியாக ஏழு மாதம். ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2016 இல் வெளியான நார்வே, அமெரிக்க ஆய்வைப் பற்றி நான் அவனுக்கு ஏற்கெனவே இருமுறை சொல்லியிருந்தேன். மூன்றாம் முறையும் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை.

“ஓடமாட்டேன் அண்ணே, கோலி மட்டும் நிக்கட்டா?” என்றான்.

கோல் காக்கும் கோலியும் குதித்துத்தான் பிடிக்க வேண்டும் என்றேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான்.